கிழவன் பாறைக்குத் தெற்கே

ஸ்பூனர் தீவு, மெய்ன்
6 அக்டோபர் 1991

அன்புள்ள மாவிஸ் அத்தைக்கு,

டார்லா எழுதுவது. நீங்களும் ரெனே மாமாவும் சுகமா? மாமாவின் முதுகுவலி இந்தக் குளிருக்கு எப்படி இருக்கிறது? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றபடி நான் சுகமாக இல்லை.

உங்கள் தம்பி என் படகை எடுத்து டுவேனுக்குக் கொடுத்துவிட்டார். இந்தக் கடிதம் முழுக்க "உங்கள் தம்பி" என்றுதான் வரும், அப்பா என்று எழுதக் கை வரவில்லை.

டுவேன் யார் என்றால், போன வருடம் இவர் கட்டிக்கொண்டாரே ஷெரில், அவளோடு கரையிலிருந்து வந்து இறங்கிய மகன். பத்தொன்பது வயது. அலை கொஞ்சம் தூக்கினால் போதும், படகுக்கு வெளியே தலையைத் தொங்கப்போட்டு வாந்தி எடுப்பான். சனிக்கிழமை துறைக்குப் போனால் என் இறால் கூண்டு மிதவைகளையெல்லாம் வரிசையாக வைத்துக்கொண்டு வெள்ளை பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறான். என் ஆரஞ்சு நிறம், நடுவில் கறுப்புப் பட்டை, எல்லாம் போயிற்று.

"என்னடா பண்றே?" என்றேன்.

"எல்டன்தான் சொன்னார். படகு, கூண்டு எல்லாம் இனிமே எனக்காம். வீட்டுக் கலர் அடிச்சிக்கச் சொன்னார்" என்றான். பாவம் போல முகத்தை வைத்துக்கொண்டு வேறு சொன்னான். பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக் கடலில் எறிந்தேன். பிறகு வீட்டுக்குப் போனேன்.

"என் படகை எப்படிக் குடுப்பீங்க?"

"உன் படகா? பதிவுல யார் பேர் இருக்கு?"

"நீங்க எனக்குக் குடுத்தப்போ எனக்குப் பத்து வயசு. என் பேர்ல எவன் பதிவான்?"

"அதான் சொல்றேன். பதினெட்டு வரைக்கும் நீ திங்கற பீன்ஸ்கூட என்னுது. அவன் இங்கேயே நின்னு தொழில் பண்ணப்போறவன். நீ எவனையாவது கட்டிக்கிட்டுப் போகப்போறவ. மாவிஸ் போகல?"

உங்கள் பெயரை எதற்கு இழுத்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

அத்தை, படகு போனால்கூடப் பொறுத்துக்கொள்வேன். கிழவன் பாறைக்குத் தெற்கே இருக்கிற இடம் என்னுடையது. பத்து வயதில் இவரே என் படகைத் தன் படகோடு கட்டி இழுத்துக்கொண்டு போய், "இது உன் இடம், இங்க போடு" என்று காட்டினார். அங்கே அடியில் எந்த மடிப்பில் சிங்கி இறால் ஒளிந்திருக்கும், எந்த மாதம் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கும் என்று எனக்குத் தெரியும். டுவேன் நாளைக்கு அங்கே கூண்டு போடப்போகிறான். யாரிடம் சொல்வேன்? அம்மா இருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன்.

மாமாவுக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்,
டார்லா


லூயிஸ்டன்
14 அக்டோபர் 1991

அன்புள்ள டார்லாவுக்கு,

உன் கடிதத்தை ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். படித்துவிட்டு, செருப்புத் தைக்கிற ஊசியை என் விரலிலேயே இறக்கிக்கொண்டேன். அவ்வளவு ஆத்திரம். மாமா நன்றாக இருக்கிறார், வழக்கம்போல முனகுகிறார்.

எல்டன் இதைச் செய்வான் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பெண்ணின் கையில் ஒரு பொருள் இருந்தால் பொறுக்காது. எங்கள் அப்பாவும் அதே ஜாதிதான். நீ அழாதே. அழுதால் அவனுக்குக் கொண்டாட்டம்.

கேள். என் பக்கத்து மெஷினில் தைக்கிற லொரெயின் இருக்கிறாளே, அவள் மகன் பதினாறு வயதில் நீதிமன்றத்துக்குப் போய், பெற்றவர்கள் பொறுப்பிலிருந்து தன்னை விடுவிக்கச் சொல்லி மனுப் போட்டான். கொடுத்துவிட்டார்கள்! அப்படி ஒரு சட்டம் இந்த மாநிலத்தில் இருக்கிறது. வக்கீலையும் அவர்களே வைத்துத் தருவார்கள். உனக்குத் தங்க இடம், சாப்பாடு, நோய் வந்தால் வைத்தியம், படிப்போ வேலையோ, இதற்கெல்லாம் வழி இருக்கிறது என்று காட்ட வேண்டும். புத்தியுள்ள பெண் என்றும் அவர்களுக்குத் தோன்ற வேண்டும், அதனால் பெயிண்ட் டப்பா விஷயத்தை வாயே திறக்காதே. தாள் கையில் வந்தால் நீ பெரியவள். உன் பெயரில் படகு பதியலாம். எவனும் வந்து பிடுங்க முடியாது.

பதினாறு உனக்கு ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. எதற்குக் காத்திருக்கிறாய்?

"மாவிஸ் போகல?" என்றானாமே. நான் போன கதை வேறு. அதை இப்போது கிளற வேண்டாம்.

கோபம் தணியாத உன் அத்தை,
மாவிஸ்


ஸ்பூனர் தீவு
3 நவம்பர் 1991

அன்புள்ள அத்தைக்கு,

விரல் ஆறிவிட்டதா? மாமா முனகுகிறார் என்றால் நன்றாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் வீட்டை விட்டு வந்துவிட்டேன். ஓரின் கடைக்கு மேலே ஒரு அறை சும்மா கிடந்தது. கடையில் இரை அள்ளிப் போடுவதும், இறால் நிறுத்துப் போடுவதும், தபால் பிரிப்பதும் என் வேலை, அறைக்கும் சாப்பாட்டுக்கும் அது சரியாகிவிடும். பள்ளிப் பாடத்தைத் தபாலில் முடிக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். அறை முழுக்க உப்புப்போட்ட ஹெர்ரிங் இரைமீன் நாற்றம். தலைமுடிகூட நாறுகிறது. ஆனால் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது.

வீட்டில் சொன்ன அன்றைக்குச் சனிக்கிழமை. எல்லாரும் பீன்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"நான் நீதிமன்றத்துல மனுப் போடப்போறேன். உங்க பொறுப்புலேர்ந்து என்னை விடுவிக்கச் சொல்லி" என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை. "யாருக்கு எதிரா?"

"உங்களுக்குத்தான்."

"எல்டன், அவ படகைத் திருப்பிக் குடுத்துடலாமே, பாவம்" என்றாள் ஷெரில். அவள் கெட்டவள் இல்லை அத்தை, ஆனால் அவள் பேச்சு அந்த வீட்டில் எடுபடாது.

"நீ சும்மா இரு. ஏம்மா, வக்கீல் வெச்சுப் பேசற அளவுக்கு வளந்துட்டியா? வளந்தவங்க ராத்திரிச் சாப்பாட்டை அவங்களே ஆக்கித் திம்பாங்க" என்று என் தட்டை எடுத்து நாய்க்கு வைத்துவிட்டார். டுவேன் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து என் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கிற பழைய படகை நான் பழுதுபார்த்தால் எனக்கே தருவதாக ஓரின் சொன்னார். குளிர்காலம் முழுக்க அந்த வேலையில் உட்காருவேன். வசந்தத்தில் கூண்டு போட்டுவிடலாம்.

ஒரே ஒரு சந்தேகம். எனக்கு வைத்துத் தந்த வக்கீல் அம்மாவுக்குச் சட்டம் தெரியும், கடல் தெரியாது. தாள் வந்தபிறகும் கிழவன் பாறை இடம் என்னிடம்தானே இருக்கும்? ஓரினைக் கேட்டேன். அவர் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நீங்கள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அந்த இடம் வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும்.

உங்கள்,
டார்லா


லூயிஸ்டன்
12 நவம்பர் 1991

அன்புள்ள டார்லாவுக்கு,

நாங்கள் சுகம். நீ வெளியே வந்தது கேட்டு மாமா கைதட்டினார். நான் அன்று சாயங்காலம் ஒரு கேக் வாங்கிவந்து நாங்கள் இருவரும் தின்றோம்.

தட்டை எடுத்து நாய்க்கு வைத்தானா? அதை வக்கீலிடம் சொல், மறக்காதே. குரலை உயர்த்தாமல் சொல். தலைமுடியை நன்றாக அலசிவிட்டுப் போ, நீதிபதி முன்னால் ஹெர்ரிங் நாறக் கூடாது. நல்ல பாவாடை இல்லையென்றால் சொல், தைத்து அனுப்புகிறேன். அறையில் கணப்பு இருக்கிறதா? சாளரத்துக்குக் கந்தல் அடைத்தாயா? தபால் பாடத்தில் கணக்கை விட்டுவிடாதே, உனக்குக் கணக்கு நன்றாக வரும். இங்கே லூயிஸ்டனில் கணக்குத் தெரிந்த பெண்களுக்கு அலுவலக வேலை கிடைக்கிறது, சும்மா சொல்லிவைக்கிறேன்.

மனுவைச் சீக்கிரம் போடு. எல்டன் சமாதானம் பேச வந்தால் கேட்காதே. அவன் சிரித்துப் பேசினால் இன்னும் கேட்காதே.

உன் அத்தை,
மாவிஸ்


ஸ்பூனர் தீவு
5 ஜனவரி 1992

அன்புள்ள அத்தைக்கு,

புது வருட வாழ்த்து. நீங்கள் அனுப்பிய பாவாடை அளவாக இருக்கிறது. மாமா அனுப்பிய மிட்டாயைப் பாதி ஓரின் தின்றுவிட்டார். எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது.

மனுப் போட்டாயிற்று. விசாரணை பிப்ரவரி கடைசியில். உங்கள் தம்பிக்கு நீதிமன்ற அறிவிப்பைக் கொடுக்கக் கரையிலிருந்து ஒரு அதிகாரி தபால் படகில் வந்தார். துறையில் எல்லாரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நானும் கடை ஜன்னலிலிருந்து பார்த்தேன். வாங்கினார், படித்தார், நாலாக மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். அதிகாரிக்கு ஒரு காப்பி வாங்கிக்கொடுத்து அனுப்பிவைத்தார். கத்துவார் என்று காத்திருந்தேன், கத்தவே இல்லை.

அதற்குப் பிறகு துறையில் ஆட்கள் என்னிடம் பேசுவது குறைந்துவிட்டது. திட்டவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதுதான் என்னமோ போல இருக்கிறது.

படகுக்குப் புதுப் பலகை அடித்துவிட்டேன். மிதவைகளுக்குப் பழையபடி ஆரஞ்சும் கறுப்பும் அடித்துக் கூரையில் தொங்கவிட்டிருக்கிறேன், படுத்துக்கொண்டே பார்க்கலாம்.

போன தடவை நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. கேக், பாவாடை, கணக்கு எல்லாம் எழுதினீர்கள், அதை மட்டும் விட்டுவிட்டீர்கள். ஒருவேளை மறந்திருக்கலாம். மறுபடி கேட்கிறேன்: தாள் வந்தால் பாறைக்குத் தெற்கே உள்ள இடம் எனக்கு இருக்குமா, இருக்காதா? இருக்காது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். மனுவைத் திரும்ப எடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வீட்டில் கிடந்துவிடுவேன்.

உங்கள்,
டார்லா


லூயிஸ்டன்
16 பிப்ரவரி 1992

அன்புள்ள டார்லாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆலையில் இரட்டை வேலை, மாமாவுக்கு மறுபடி முதுகு. இப்போது பரவாயில்லை.

நீ இந்த நேரத்தில் கண்டதையும் யோசித்துக் குழம்பாதே. முதலில் தாள். சட்டம் உன்னைப் பெரியவள் என்று சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும். மனுவைத் திரும்ப எடுப்பதா? அந்தப் பேச்சே வேண்டாம். எடுத்தால் எல்டன் ஆயுசு முழுக்க அதைச் சொல்லிக்காட்டுவான். நாய்க்குத் தட்டு வைத்தவன் வீட்டுக்கா திரும்பப் போகப்போகிறாய்?

விசாரணை அன்றைக்கு நிமிர்ந்து நில்.

உன் அத்தை,
மாவிஸ்


ஸ்பூனர் தீவு
1 மார்ச் 1992

அன்புள்ள அத்தைக்கு,

கிடைத்துவிட்டது! முத்திரை குத்திய தாள் என் முன்னால் மேசையில் இருக்கிறது. மாமாவிடம் உடனே சொல்லுங்கள். அவர் முதுகு இதைக் கேட்டாவது நிமிரட்டும்.

குதிக்க வேண்டும் போலவும் இருக்கிறது, எதையாவது உடைக்க வேண்டும் போலவும் இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

நீதிபதி வயதான அம்மாள். என்னிடம் அறை, சாப்பாடு, பாடம் எல்லாம் விசாரித்தார். பிறகு உங்கள் தம்பியைப் பார்த்து, "உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" என்றார்.

"இல்லைங்க."

"மகளைப் பத்தி ஏதாவது சொல்லணுமா?"

"நல்லா வேலை செய்வா. சோம்பேறி இல்லை. காத்து எந்தப் பக்கம் திரும்பும்னு என்னை விட அவளுக்குத் தெரியும்." இதை ஏதோ மாடு விற்கிறவர் மாதிரிச் சொன்னார். பிறகு, "நான் ஒண்ணு கேக்கலாமா? இந்தத் தாள் குடுத்துட்டா இவ என் வீட்டுப் பிள்ளை இல்லை, அப்படித்தானே?" என்றார்.

"சட்டப்படி நீங்க இவளுக்குப் பொறுப்பு இல்லை, இவ உங்க பேச்சுக்குக் கட்டுப்பட்டவ இல்லை" என்றார் நீதிபதி.

"அது சரிங்க. என் வீட்டுப் பிள்ளை இல்லை. அதானே?"

"அப்படியும் சொல்லலாம்."

"அப்போ குடுத்துடுங்க."

அவ்வளவுதான். நான் நாலு மாதம் தூங்காமல் யோசித்துவைத்திருந்த பதில்கள் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசக் கூடாதா அத்தை? "என் பொண்ணு, விட மாட்டேன்" என்று பொய்க்காவது சொல்லக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். இப்போது ஜெயித்த மாதிரியே இல்லை, குப்பையைக் கொட்டின மாதிரி என்னைக் கொட்டிவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது ஒரே தபால் படகுதான், வேறு வழி இல்லை. அவர் பொரித்த மீன் வைத்த ரொட்டி வாங்கிவந்தார். ஒன்றே ஒன்று. எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து நிதானமாகத் தின்றார். இதுவரை எங்கே போனாலும் இரண்டு வாங்குவார்.

போகட்டும். ஏப்ரல் கடைசியில் கூண்டு இறக்குகிறேன். படகு என் பெயரில் பதிந்தாயிற்று!

உங்கள்,
டார்லா ட்ரண்டி (இனி கையெழுத்து செல்லும்)


லூயிஸ்டன்
9 மார்ச் 1992

அன்புள்ள டார்லாவுக்கு,

ஆலையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். லொரெயின் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மாமா உனக்கு முத்தம் தரச் சொல்கிறார். சளி மறுபடி வரவில்லையே?

கூண்டுக்கு என்ன அவசரம்? தண்ணீர் இன்னும் ஜில்லென்றுதான் இருக்கும். வசந்தத்துக்கு இங்கே வந்து கொஞ்ச நாள் இரேன். பின்கட்டு அறையைச் சுத்தம் செய்து மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கிறோம். பேருந்துச் சீட்டு இதோடு வைத்திருக்கிறேன். பிடித்திருந்தால் இங்கேயே இருந்து பள்ளியை முடிக்கலாம். நீ இப்போது யாரையும் கேட்க வேண்டியதில்லையே!

உன் அத்தை,
மாவிஸ்


ஸ்பூனர் தீவு
10 மே 1992

அத்தைக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

போன திங்கள்கிழமை பாறைக்குத் தெற்கே கூண்டுகளை இறக்கினேன். புதன்கிழமை தூக்கப் போனால் என் மிதவை ஒவ்வொன்றின் மேல்குச்சியிலும் கயிற்றை வளைத்து இரண்டு சுருக்கு. ஒன்று பாக்கி இல்லாமல். இரண்டு சுருக்குக்கு அர்த்தம் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இது எச்சரிக்கை, அடுத்த தடவை கயிற்றில் கத்தி.

நேராகத் துறைக்கு வந்து டுவேன் சட்டையைப் பிடித்தேன். "ஏண்டா, என் இடத்துல வந்து எனக்கே சுருக்குப் போடறியா?"

"எனக்கு அந்த முடிச்சே போட வராது டார்லா, சத்தியமா" என்றான். உண்மைதான், அவனுக்குச் செருப்பு முடிச்சே சரியாக வராது. துறையில் நின்ற ஒருத்தர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அவனை விடு. நான்தான் போட்டேன்."

திரும்பினேன். எங்கள் அப்பா, உங்கள் தம்பி, இரைப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"எதுக்கு?"

"அது ட்ரண்டி வீட்டு இடம். வீட்டுப் பிள்ளைங்க போடலாம். நீ என் வீட்டுப் பிள்ளை இல்லைன்னு அந்தம்மா முத்திரை குத்திக் குடுத்திருக்காங்க. நான் ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன், நீயும் பக்கத்துலதான நின்னே?"

"அப்போ நான் எங்கே போடறது?"

"வெளியாளுங்க எங்கே போடுவாங்க? இங்க போட மாட்டாங்க." பிறகு ரொம்ப அமைதியாகச் சொன்னார்: "சின்னப் பிள்ளையா இருந்தா கூப்பிட்டுத் திட்டியிருப்பேன். பெரியவங்களுக்கு இப்படித்தான் சொல்றது."

இது எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று இரண்டு நாளாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். நான் பிறந்ததிலிருந்து வீட்டை விட்டுப் போனவர்கள் தீவையும் விட்டுத்தான் போனார்கள். வீட்டை விட்டு வந்து இங்கேயே இருந்தவர் ஒருத்தர்கூட இல்லை. அதனால் யாரும் இதை வாய் திறந்து சொல்ல வேண்டி வரவில்லை. ஓரினிடம் போய்க் கத்தினேன். "கேட்டப்போ சொன்னா என்ன?" என்றேன். "வீட்டுச் சண்டைல நான் எப்படிம்மா நுழையறது? அத்தைக்கு எழுதியிருக்கேன்னு சொன்னே, அவ சொல்லிடுவான்னு நெனச்சேன்" என்றார்.

அப்பாவும் அதைத்தான் சொன்னார். "இது தீவுல எல்லாருக்கும் தெரியும். உங்க அத்தைக்கு என்னை விட நல்லாத் தெரியும். அவ கரையில கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்து வழக்கம்போல கூண்டு எறக்கினா. எங்கப்பாவும் நானும் அவ மிதவைல இதே சுருக்கைப் போட்டோம். அவ சொல்லலை?"

நீங்கள் சொல்லவில்லை.

இரண்டு தடவை கேட்டேன் அத்தை. மனுவைத் திரும்ப எடுத்துவிடுகிறேன் என்றுகூட எழுதினேன். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

டார்லா


லூயிஸ்டன்
14 ஜூன் 1992

அன்புள்ள டார்லாவுக்கு,

ஒரு மாதமாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். மாமா, "எழுதித் தொலை" என்று சத்தம் போட்டபிறகு உட்கார்ந்தேன். நீ சாப்பிடுகிறாயா?

தெரியும். நீ முதல் தடவை கேட்டபோதே தெரியும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கேட்டால் அது பொய்யாக இருக்கும். எனக்கு இருபத்திரண்டு வயதில் அந்தத் துறையில் நின்று, என் கூண்டுக் கயிற்றை என் தம்பி அறுப்பதைப் பார்த்தேன். சின்னப் பையன், சிரித்துக்கொண்டே அறுத்தான். சுற்றி நின்றவர்கள் எல்லாம் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள், ஒருத்தன் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தீவு பெண்பிள்ளைக்கு எதையும் கொடுக்காது, கொஞ்ச நாள் கையில் வைத்திருக்கக் கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொள்ளும். உன்னையும் இன்னும் ஐந்து வருடம் வேலை வாங்கிவிட்டுப் பிடுங்கியிருப்பான். நான் சீக்கிரம் பிடுங்கவைத்தேன், அவ்வளவுதான். உண்மையைச் சொல்லியிருந்தால் நீ மனுவைத் திரும்ப எடுத்துக்கொண்டு அந்த நாய்த்தட்டுக்குத் திரும்பியிருப்பாய். நீயே எழுதினாயே!

எல்டன் நீதிமன்றத்தில் தலைகுனிந்து நிற்பான் என்று ஆசைப்பட்டதும் உண்மைதான். அதை எதற்கு மறைக்க வேண்டும்?

நீ அங்கிருந்து கிளம்ப வேண்டும் என்பதற்காகத்தான் செய்தேன். எல்லாம் உன் நல்லதுக்கு. இப்போது உன்னை அங்கே பிடித்துவைக்க ஒன்றும் இல்லை. கோபத்தோடேயே வா, வந்து என்னை நாலு வார்த்தை திட்டு. மஞ்சள் அறை அப்படியே இருக்கிறது. புதுப் பேருந்துச் சீட்டு வைத்திருக்கிறேன்.

உன் அத்தை,
மாவிஸ்


ஸ்பூனர் தீவு
21 ஜூன் 1992

திருமதி மாவிஸ் கோட்டே அவர்களுக்கு,

பேருந்துச் சீட்டுகள் இரண்டும் இதோடு திரும்ப வருகின்றன. ரெனே மாமாவின் முதுகு குணமாகட்டும், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அப்பா சுருக்கில் சொன்னபடியே கயிறுகளை அறுத்தார். பாதிக் கூண்டுகள் இப்போது கிழவன் பாறை அடியில் கிடக்கின்றன. ஓரின் கொட்டகையில் பழைய கூண்டுகளைத் தேடி எடுத்து, ஓட்டை அடைத்து, அதே இடத்தில் மறுபடி இறக்கினேன். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அல்ல, எல்லாரும் துறையில் நிற்கும்போது அவர்களைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போய் இறக்கினேன்.

திரும்பி வரும்போது அப்பா துறை விளிம்பில் நின்றார்.

"மறுபடி அறுப்பேன்."

"அறுங்க. மறுபடி போடுவேன்."

"எத்தனை நாளைக்குடி?"

"உங்க கை ஓயற வரைக்கும். என் கை சின்ன வயசுக் கை."

"இதெல்லாம் உன் நல்லதுக்குச் சொல்றேன். நீ கரைக்குப் போயிடு" என்றார். நீங்களும் அதே வார்த்தையைத்தான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் இருவருக்கும் முப்பது வருடமாகப் பேச்சு இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். என் விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒரே வாயால் பேசுகிறீர்கள்.

அவர் என் படகைப் பிடுங்கினார், ஆனால் முகத்துக்கு நேராகப் பிடுங்கினார். நீங்கள் என் கையாலேயே என் இடத்தை எழுதிக் கொடுக்கவைத்துவிட்டு, கேக் வாங்கித் தின்றீர்கள். அவராவது என்னைப் பெரியவள் என்று நினைத்துச் சுருக்குப் போட்டார். நீங்கள் என்னைச் சின்னப் பிள்ளை என்று நினைத்து உண்மையை மறைத்தீர்கள். உங்களிடம்தானே நான் கேட்டேன்? வேறு யாரையும் நான் நம்பவில்லையே!

இந்த இடம் எனக்குக் கிடைக்குமா என்று தெரியாது. கிடைக்காமலும் போகலாம். ஆனால் போவதா இருப்பதா என்பதை இனி நான் சொல்வேன்.

இனி எழுத வேண்டாம். தபால் பிரிக்கிறது நான்தான், வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

நீதிமன்றம் கொடுத்த தாளை இன்றைக்கு எடுத்துப் பார்த்தேன். நான் யாருடைய கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டேன் என்கிற இடத்தில் அப்பாவின் பெயர் மட்டும்தான் இருந்தது. அதற்குக் கீழே உங்கள் பெயரையும் நானே எழுதிச் சேர்த்துவிட்டேன்.

டார்லா ட்ரண்டி